ஹேங்க் ஆரன் கார்டு ஒன்று வாங்குவதென்றால்: 1954-ஆ, 1957-ஆ, 1974-ஆ?

பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய கார்டுகளைச் சேர்ப்பவர்களிடம், அமெரிக்க ஆட்டக்காரர் ஹேங்க் ஆரன் பெயரைச் சொன்னால் உடனே 128 என்ற எண்ணைச் சொல்வார்கள். 1954-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட 250 கார்டுகளில் அவருடைய கார்டின் எண் அது. ஆரஞ்சு நிறப் பின்னணி, பெரிதாக ஒரு முகம், பக்கத்தில் சின்னதாக ஒரு முழு உருவம், ஓரத்தில் மில்வாக்கி பிரேவ்ஸ் அணியின் சின்னம். பபிள்கம்மோடு சேர்த்துச் சில்லறைக் காசுக்கு விற்ற கார்டு. இன்றைக்கு எவ்வளவு கந்தலாக இருந்தாலும், அசல் என்றால் ஆயிரம் டாலருக்குக் கீழே கிடைப்பது அரிது.

ஒரே ஒரு ஆரன் கார்டு வாங்க நினைப்பவருக்கு இங்கேதான் குழப்பம். இருக்கிற பணத்தை எல்லாம் போட்டு, மூலை மழுங்கி மடிப்பு விழுந்த ரூக்கி கார்டை, அதாவது ஆட்டக்காரருக்கு முதன்முதலாக வந்த கார்டை, வாங்குவதா? அதைவிடக் குறைந்த பணத்தில் பிந்தைய வருடத்துக் கார்டைப் பளிச்சென்ற நிலையில் வாங்குவதா? என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்றாவது விற்கும் எண்ணம் இருந்தால் 1954-ஐ வாங்குங்கள். கையிலேயே வைத்துக்கொள்ள என்றால் 1957-ம் 1974-ம் போதும், மிச்சப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். காரணம் ஆரனின் ஆட்ட வாழ்க்கையிலேயே இருக்கிறது.

அவர் 1934-ல் அலபாமா மாநிலத்தின் மொபீல் நகரில் பிறந்தவர். கறுப்பினத்தவருக்கென்று தனியாக நடந்த லீக்கில் இண்டியானாபொலிஸ் கிளௌன்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவரை 1952-ல் பிரேவ்ஸ் எடுத்துக்கொண்டது. 1954 பயிற்சி முகாமில் பிரேவ்ஸ் ஆட்டக்காரர் பாபி தாம்சன் கணுக்கால் முறிந்து விழ, அந்த இடம் இருபது வயது ஆரனுக்குக் கிடைத்தது. அதிலிருந்து 1976 வரை 23 சீசன்கள். மொத்தம் 755 ஹோம் ரன்கள். பந்தை வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பும் அடிதான் ஹோம் ரன். நம் சிக்ஸருக்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதைவிடப் பல மடங்கு அரிது. 2007 ஆகஸ்டில் பேரி பாண்ட்ஸ் கடக்கும் வரை 755-தான் உச்சம்.

ஆச்சரியம் என்னவென்றால், எந்த ஒரு சீசனிலும் அவர் 50 ஹோம் ரன் அடித்ததில்லை. அதிகபட்சம் 1971-ல் அடித்த 47. ஆனால் 1955 முதல் 1974 வரை இருபது வருடங்கள் தொடர்ந்து, ஒரு வருடம்கூடத் தவறாமல், 20-க்குக் குறையாமல் அடித்தார். அவருடைய சட்டை எண் 44. நான்கு சீசன்களில் சரியாக 44 ஹோம் ரன் அடித்து நிறுத்தினார் என்பது ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் தற்செயல்.

ஹோம் ரன்னை மட்டும் பார்ப்பதும் அவருக்கு நியாயம் இல்லை. 755 ஹோம் ரன்களையும் கணக்கிலிருந்து அழித்துவிட்டாலும் 3,016 ஹிட்கள் மிஞ்சும். பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனப்படும் நிலையத்துக்கு அவுட் ஆகாமல் ஓடிச் சேர்ந்தால் அது ஹிட். மூவாயிரம் ஹிட் என்பதே ஒரு ஆட்டக்காரரைச் சரித்திரத்தில் நிறுத்தும் எல்லைக்கோடு. அடித்த அடிகளால் கடந்த பேஸ்களை எல்லாம் கூட்டினால் 6,856. அடுத்த இடத்தில் இருக்கும் ஸ்டான் மியூசியலின் கணக்கு 6,134. ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்கு 90 அடி. 722 பேஸ் வித்தியாசத்தை நீட்டிப் போட்டால் 12 மைலுக்கு மேல் வரும். இந்தச் சாதனையும், தன் அடியால் ஆட்களை ஓடிவர வைத்துச் சேர்த்த 2,297 ரன்கள் என்ற சாதனையும் இன்றுவரை அவர் பெயரில்தான் இருக்கின்றன.

ஆக, இது ஒரே பாய்ச்சலில் வானத்துக்குப் போன ஆளின் கதை கிடையாது. வருடா வருடம் அடுக்கி அடுக்கிக் கட்டிய கணக்கு. ரூக்கி கார்டுதான் எல்லாவற்றையும்விட உயர்ந்தது என்ற சந்தை வழக்கம் ஆரன் விஷயத்தில் எனக்குச் சரியாக ஒட்டாததற்கு இதுதான் காரணம். 1954-ல் அவர் அடித்தது 13 ஹோம் ரன். சராசரி .280, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 280 ஹிட் என்ற கணக்கு. செப்டம்பரில் அவருக்கே கணுக்கால் உடைந்து சீசன் பாதியில் முடிந்தது. அந்தக் கார்டு அச்சான நேரத்தில் அவர் இன்னும் ஒன்றும் செய்திருக்கவில்லை.

இருந்தாலும் 1954-க்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். ஆரனின் ரூக்கி விஷயத்தில் பெரிய தகராறு கிடையாது. அன்றைய போட்டி நிறுவனமான போமன் 1954-ல் அவருக்குக் கார்டு போடவில்லை. மில்வாக்கியில் ஜான்ஸ்டன் குக்கீஸ் பிஸ்கட்டோடு வந்த கார்டு ஒன்று உண்டு. அது உள்ளூர்ச் சரக்கு. அந்த வருடம் ஆரன் 5-ஆம் எண் சட்டை போட்டதால் கார்டின் எண்ணும் 5. அழகான கார்டுதான், ஆனால் சந்தை தலையில் வைத்துக் கொண்டாடுவது டாப்ஸ் 128-ஐத்தான். அதே தொகுப்பில் பின்னாளில் பெயர் பெற்ற எர்னி பேங்க்ஸ், அல் கேலைன் இருவரின் ரூக்கி கார்டுகளும் இருப்பதால் தொகுப்புக்கே தனி மவுசு. விற்க நினைத்தால் வாங்குவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. விலை ஏறி இறங்கும், ஆனால் கேட்பார் இல்லாமல் கிடக்காது.

குறை என்று பார்த்தால், இந்தத் தொகுப்பின் வடிவமே வில்லன். மேல் பக்கம் வெள்ளை ஓரம் கிடையாது. நிறம் விளிம்பு வரை போகும். அதனால் மேல் விளிம்பில் சின்னத் தேய்மானம்கூடக் கண்ணில் குத்தும். ஆரஞ்சுப் பரப்பில் அச்சுப் புள்ளிகளும் பளிச்சென்று தெரியும். நல்ல நிலையில் இருப்பவை குறைவு, அப்படி இருப்பவற்றின் விலை நம்மைப் போன்றவர்கள் பேசவேண்டிய விலை இல்லை.

கந்தலானதில்தான் வாங்குவது என்று முடிவானால் ஒரு வழி சொல்கிறேன். மதிப்பீட்டு நிறுவனங்கள் 1 முதல் 10 வரை கிரேடு போடும்போது முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். சின்னப் பையன் யாரோ ஆல்பத்தில் பசை போட்டு ஒட்டி, பிறகு பிய்த்தெடுத்த கார்டுக்கு முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் 1-தான் கிடைக்கும். முகத்துக்குக் குறுக்கே மடிப்பு விழுந்த கார்டுக்கும் அதே 1 கிடைக்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலைக்கு வரும் நாளும் உண்டு. பின்பக்கம் கிழிந்ததை எடுங்கள். பார்க்கப் போவது முன்பக்கத்தைத்தானே.

சரி, 1954-ன் முகம்தான் வேண்டும், அந்த விலை வேண்டாம் என்பவருக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. டாப்ஸ் அந்தக் காலத்தில் மகா சிக்கனம். 1954-ல் போட்ட அதே முகப்படத்தை 1955-லும் போட்டது, 1956-லும் போட்டது! மூன்று வருடம் ஒரே முகம். 1955 கார்டின் எண் 47, 1956 கார்டின் எண் 31. இரண்டும் படுக்கை வாட்டில் இருக்கும். சுமாரான நிலையில் இவற்றின் விலை ரூக்கியில் ஒரு சிறு பங்குதான்.

இரண்டில் எனக்குப் பிடித்தது 1956. அதில் முகத்துக்குப் பக்கத்தில் ஒருவர் ஹோம் பேஸை நோக்கிச் சறுக்கி வருவார். அது ஆரன் இல்லை, வில்லி மேஸ்! ஜயண்ட்ஸ் அணியின் மேஸ் படத்தை எடுத்து, பிரேவ்ஸ் ஆள் போலத் தோற்றும்படி வரைந்து மாற்றிவிட்டார்கள். பேஸ்பாலின் இரண்டு பெரும் ஆட்டக்காரர்கள் ஒரே கார்டில். 1955-ல் போமனும் ஆரனுக்கு ஒரு கார்டு போட்டது. மர டிவிப் பெட்டிக்குள் ஆட்டக்காரர் நிற்பது போன்ற வடிவம். எனக்கு அந்த வடிவம் ஒட்டவில்லை, பிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்தது 1957, எண் 20. என் கைக்காசு என்றால் முதலில் இங்கேதான் போகும். அதுவரை கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் பூசிக்கொண்டிருந்த டாப்ஸ், இந்த வருடம்தான் உண்மையான வண்ணப் புகைப்படத்துக்கு மாறியது. கார்டும் சுருங்கி, இன்றுவரை நிலைத்திருக்கும் 2½ க்கு 3½ அங்குல அளவுக்கு வந்தது. டாப்ஸ் கார்டில் ஆரனின் முதல் அசல் வண்ணப்படம். அதை இடவலமாகத் திருப்பி அச்சடித்துவிட்டார்கள். வலக்கை ஆட்டக்காரர் இடக்கைக்காரராக நிற்கிறார், சட்டையின் 44-ம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தெரிகிறது. திருத்திய பதிப்பு என்று ஒன்று வரவில்லை. எல்லாக் கார்டுமே தப்பான கார்டு. அதனால் பிழைக்கென்று தனி விலை யாரும் கேட்க முடியாது. இதில் ஒரு வேடிக்கை: சின்ன வயதில் ஆரன் மட்டையைக் கை மாற்றிப் பிடித்து, அதாவது வலக்கைக்காரர் இடக்கையை மேலே வைத்து, ஆடிப் பழகியவர். யாரோ சொல்லிக் கொடுத்த பிறகுதான் மாற்றிக்கொண்டார்.

அந்தக் கார்டு கடைக்கு வந்த சீசனில் நடந்ததை நினைத்தால் அதன் மதிப்பு இன்னும் புரியும். 1957-ல் ஆரன் 44 ஹோம் ரன் அடித்து, 132 ரன்களை ஓடிவர வைத்தார். செப்டம்பர் 23 அன்று பதினோராவது இன்னிங்ஸில் அவர் அடித்த ஹோம் ரன்தான் மில்வாக்கிக்கு நேஷனல் லீக் பட்டத்தைக் கொடுத்தது. பிறகு இரண்டு பெரிய லீக்குகளின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் நியூயார்க் யாங்கீஸை எதிர்த்து .393 சராசரி, மூன்று ஹோம் ரன், கோப்பை. லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கிடைத்தது, அது இந்த வருடம். நடுத்தர நிலையில் ஒன்றை வாங்கினாலும் மடிப்பில்லாமல், நிறம் மங்காமல் கிடைக்கும். ரூக்கிக்குக் கொடுக்கும் பணத்தில் அது நினைத்தே பார்க்க முடியாத நிலை.

1958-ஐ வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எண் 30-ல் பெயர் மஞ்சள் எழுத்தில் இருப்பதும் வெள்ளை எழுத்தில் இருப்பதும் என இரண்டு வகை. மஞ்சளுக்கு விலை கூட. அதே வருடம் எண் 418-ல் யாங்கீஸ் அணியின் மிக்கி மேன்டிலும் ஆரனும் சேர்ந்து நிற்கும் கார்டு உண்டு. அதற்குக் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மேன்டிலுக்குத்தான் போகிறது என்பது என் கணிப்பு.

மேன்டிலைத் தொட்டதால் ஒரு விஷயம். 1952 டாப்ஸ் தொகுப்பில் அவருடைய 311-ஆம் எண் கார்டு ஒன்று 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அது அவருடைய முதல் கார்டுகூட இல்லை. 1951-லேயே போமன் அவருக்குக் கார்டு போட்டிருந்தது. மேன்டில் மாபெரும் ஆட்டக்காரர், மறுப்பில்லை. மொத்தம் 536 ஹோம் ரன், உலகத் தொடரில் மட்டும் 18, ஏழு கோப்பைகள். ஆனால் ஆரனுக்கு 219 ஹோம் ரன் கூடுதல், 1,356 ஹிட் கூடுதல். கார்டு விலையில் மட்டும் தலைகீழ். மேன்டில் ஆடியது நியூயார்க்கில், ஜெயித்துக்கொண்டே இருந்த அணிக்கு. அன்று கார்டு வாங்கிப் பிறகு பணக்காரர்களான வெள்ளைக்காரப் பையன்களின் நாயகன் அவர். ஆரன் மில்வாக்கியிலும் அட்லாண்டாவிலும் ஆடிய கறுப்பர். வாங்குபவருக்கு இதில் லாபம்தான்: சாதனைக்குக் குறைவாக விலை வைக்கப்பட்ட கார்டுகள் ஆரனுடையவை.

இனி 1974. ஆறு கார்டுகள், எல்லாவற்றையும் சேர்த்தாலும் ரூக்கி விலையில் சில்லறை. 1973 சீசன் முடிந்தபோது ஆரனின் கணக்கு 713. அதுவரை உச்சமாக இருந்த பேப் ரூத்தின் 714-ஐத் தொட ஒன்று பாக்கி, கடக்க இரண்டு. அந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்குக் கடிதங்கள் வந்து குவிந்தன. பாராட்டுகளுக்கு நடுவே, ஒரு வெள்ளைக்காரரின் சாதனையைக் கறுப்பர் உடைக்கக் கூடாது என்ற வசைகளும், சுட்டுவிடுவோம் என்ற மிரட்டல்களும் இருந்தன. பாதுகாவலரோடு நடமாட வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் டாப்ஸ் துணிந்து தன் 1974 தொகுப்பின் முதல் கார்டை ஆரனுக்குக் கொடுத்து, ஹோம் ரன்னின் புதிய மன்னர் என்று அச்சடித்துவிட்டது. மன்னர் இன்னும் முடிசூடவில்லை! ஏப்ரல் 4, சின்சினாட்டியில் அந்த சீசனில் மட்டையை முதல் முறை சுழற்றியபோதே ஜாக் பில்லிங்ஹாம் பந்தில் 714. ஏப்ரல் 8, அட்லாண்டாவில் 53,775 பேர் முன்னிலையில் டாட்ஜர்ஸின் அல் டவுனிங் போட்ட பந்தில் 715. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற சக ஆட்டக்காரர் டாம் ஹவுஸ் அந்தப் பந்தைப் பிடித்தார்.

1974 தொகுப்பின் 2 முதல் 6 வரையுள்ள கார்டுகளும் ஆரனுக்கே. 1954 முதல் 1973 வரை அவருக்கு வந்த டாப்ஸ் கார்டுகளைச் சின்னச் சின்னதாக, கார்டுக்கு நான்கு என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஆரஞ்சு நிற 128 இருக்கிறது, மேஸ் சறுக்கும் 1956 இருக்கிறது, திரும்பி நிற்கும் 1957 இருக்கிறது. அடுக்கி அடுக்கிக் கட்டிய வாழ்க்கை என்று முன்னால் சொன்னேனே, அதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடையாது. ரூக்கியைக் கண்ணாடிப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவரும் இந்த ஆறையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றே ஒன்று கவனிக்க வேண்டும். பையன்கள் கார்டுகளை வரிசையாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைப்பார்கள். முதல் எண் கார்டு எப்போதும் மேலே இருக்கும். அதனால் 1974-ன் எண் 1 கார்டுகளில் விளிம்பு நசுங்கியவை ஏராளம். 1975-லும் இதே கதை: எண் 1 ஆரனின் 715-ஐக் கொண்டாடும் கார்டு, கடைசியான 660-ம் ஆரன்தான், அடுக்கின் இரண்டு பக்கமும் அடி வாங்கியது அவரே. விலை குறைவு என்பதால் அவசரப்பட வேண்டாம். பத்துப் படம் பார்த்து, நாலு பக்க ஓரமும் சமமாக உள்ளதை எடுக்கலாம். 1976-ன் 550 அவர் ஆடிய காலத்தின் கடைசி வழக்கமான கார்டு, அவர் கடைசியாக ஆடிய மில்வாக்கி புரூவர்ஸ் அணியின் உடையில். தொகுப்பு சேர்ப்பவருக்குத் தேவை, ஒன்றே வாங்குபவருக்குத் தேவையில்லை.

மறுபதிப்புகளையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ஏமாறுவது அங்கேதான். 1954 தொகுப்பை டாப்ஸ் நிறுவனமே 1994-ல் மறுபடி அச்சிட்டது. சுவரில் மாட்ட அது தாராளமாகப் போதும். ஆனால் அதை மங்க வைத்து, மூலையைத் தேய்த்து, தாத்தா பெட்டியில் கிடைத்தது என்று விற்பவர்கள் உண்டு. தாத்தா கதை எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம் விலகி நில்லுங்கள். அசல் 128-ன் அளவு 2⅝ க்கு 3¾ அங்குலம். அளவு குறைந்தால் ஒன்று மறுபதிப்பு, அல்லது ஓரம் வெட்டிச் சீர் செய்தது. இரண்டுக்கும் முழு விலை கொடுக்கக் கூடாது.

1954-ஐ வாங்குவதென்றால் பி.எஸ்.ஏ., எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனம் மதிப்பிட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்ததை மட்டும் வாங்குங்கள். உறையின் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்கவேண்டும், போலி உறைகளும் சந்தையில் உலவுகின்றன. 1957-க்கு உறை இருந்தால் நல்லது. கார்டை நேரில் பார்த்து, அளவெடுத்து, லென்ஸில் அச்சுப் புள்ளிகளைப் பார்க்கத் தெரிந்தவர் உறை இல்லாமலும் வாங்கலாம். 1974-க்கு உறை தண்டம். மதிப்பிடும் கட்டணமே பல சமயம் கார்டின் விலையைத் தாண்டும்.

வாங்கிய பிறகு ஒரு சின்ன வேலை. 1956 வரையுள்ள டாப்ஸ் கார்டுகள் இன்றைய அளவைவிடப் பெரியவை. கடையில் கிடைக்கும் சாதாரண பிளாஸ்டிக் உறைக்குள் அழுத்தித் திணித்தால் இத்தனை வருடம் தப்பிய மூலை அன்றைக்கே மடங்கும். பழைய அளவுக்கென்று தனி உறை விற்கிறார்கள், அதைக் கார்டுக்கு முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். அப்புறம், மேசை மேல் நிறுத்திப் பார்க்க ஆசைப்பட்டால் ஜன்னல் வெயில் படாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். வெளுத்த கார்டுக்குப் பழைய நிறம் திரும்பாது.